பழைய கார்ட்டூன் குறும்படங்களைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் முப்பது கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தேன். அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் எழுதியவை, தலைப்பு நான் கொடுத்தது. 1930 முதல் 1960 வரை அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிய கார்ட்டூன் குறும்படங்களில் பெண்கள் எப்படி வருகிறார்கள், கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் யூதர்களும் எப்படி வருகிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தேன். ஏழாவது கட்டுரையில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகள் அதே வரிசையில், சில இடங்களில் அதே வாக்கியத்தில்கூட வந்து நின்றன. என் பழைய கட்டுரை எதையும் அவர்கள் படித்திருக்க வழியில்லை. ஆகவே இவை எல்லோரும் தடுக்கி விழுகிற இடங்கள்தான்.

வருஷத்தை மாற்றி எழுதுவது, டிஸ்னி படத்தை வார்னர் படம் என்பது, இயக்குநர் பெயரில் எழுத்துப் பிழை விடுவது எல்லாம் ஒரு முறை சரிபார்த்தால் போய்விடும். அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.

## "குழந்தைகளுக்கான படங்கள்" என்று தொடங்குவது

தொடங்காதீர்கள். முழுநீளப் படத்துக்கு முன்னால், பெரியவர்கள் நிறைந்த அரங்கில் ஓடியவை இவை. குழந்தைகள் பண்டமாக இவற்றை மாற்றியது பின்னால் வந்த டிவி.

## எந்தப் பிரதி என்று பார்க்காமல் எழுத உட்காருவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். எனக்கு மூன்று மாத உழைப்பையும் கையிலிருந்த பணத்தையும் தின்ற தவறு இது. இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் பொறுக்க முடிவதில்லை.

டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் ஒரு பெண்மணி வருவாரே, இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிகிறவர், கையில் துடைப்பத்தோடு டாமைத் திட்டிக்கொண்டே நடப்பவர். அவரை வைத்து நாற்பது நிமிட வீடியோக் கட்டுரை ஒன்று செய்தேன். எனக்குக் கிடைத்த பிரதியில் அந்தக் கால்கள் வெள்ளையாக இருந்தன, குரலில் அயர்லாந்து வாடை வீசியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பெண்கள் ஏராளமானோர் அமெரிக்க வீடுகளில் பணிப்பெண்களாக இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டேன். "கார்ட்டூனில் பதுங்கியிருக்கும் அயர்லாந்து உழைக்கும் பெண்" என்று ஒரு வாதத்தைக் கட்டி, கால்களின் நெருக்கக் காட்சிகளைத் தேடித் தேடி வெட்டி, எடிட்டருக்குக் கைக்காசைக் கொடுத்து முடித்தேன். ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்டுக் காட்டினேன், கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, நீங்க பார்த்தது எந்தப் பிரிண்ட்டு?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கியபோது நாற்பது நிமிடப் படமும் அங்கேயே சரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். 1940-இல் வந்த முதல் படம் 'புஸ் கெட்ஸ் தி பூட்' தொடங்கி 1952-இல் வந்த 'புஷ்-பட்டன் கிட்டி' வரை அந்தப் பாத்திரம் ஒரு கறுப்பினப் பெண். 'மேமி டூ ஷூஸ்' என்ற பெயரில் இன்று அறியப்படுகிறவர். குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப். வானொலியில் பேர்போன நடிகை, 1946-இல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் ஆனி என்ற பணிப்பெண்ணாக வருபவரும் அவர்தான். 1960-களில் இந்தப் படங்கள் டிவிக்குப் போனபோது, எம்ஜிஎம்மில் சக் ஜோன்ஸின் குழு அந்தப் பாத்திரத்தை வெள்ளைக்காரப் பெண்ணாகத் திருப்பி வரைந்தது. ஜூன் ஃபோரே அயர்லாந்து உச்சரிப்பில் புதுக் குரல் கொடுத்தார். 1990-களில் இன்னொரு மாற்றம் வந்தது. கால்கள் பழையபடி கறுப்பாகவே இருந்தன, குரலை மட்டும் நடிகை தியா விடாலை வைத்து மறுபடி பதிவு செய்து, கேலியாக ஒலித்த வட்டாரப் பேச்சை எடுத்துவிட்டார்கள். ஆக ஒரே படத்துக்கு மூன்று விதப் பிரதிகள் சுற்றுகின்றன. நான் ஆராய்ந்தது நடுவில் வந்ததை. 1940-களின் மனநிலை என்று நான் எழுதியதெல்லாம் 1960-களில் டிவிக்காக ஒட்டுப்போட்டவர்கள் வைத்தது.

'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்' என்ற 1950-ஆம் வருடப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மாணவர்களோடு ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கிற படம் அதுதான். அசல் பிரதியில் அந்தப் பெண்மணி சனிக்கிழமை ராத்திரி நகை பூட்டிக்கொண்டு சீட்டாட்டக் கிளப்புக்குக் கிளம்புகிறார். அவர் போனதும் டாம் தன் பூனைக் கூட்டாளிகளை வீட்டுக்குள் கூப்பிட்டு ஜாஸ் கச்சேரி வைக்கிறது. ஜெர்ரிக்குத் தூக்கம் போகிறது. சண்டை போட்டுப் பார்த்து முடியாமல், கடைசியில் போனைப் போட்டு அவரிடம் சொல்லிவிடுகிறது. அவர் சீட்டைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். அந்த ஓட்டத்தில், ஒரு கணம்தான், அவர் முகம் திரையில் வந்து போகும். தொடரில் பெரும்பாலும் இடுப்புக்கு மேலே காட்டாத பெண்ணின் முகம். பூனைகளை எல்லாம் வெளியே எறிந்துவிட்டு, அலுப்பு தீர அவர் போட்டுக் கேட்பதும் அதே ஜாஸ் இசைதான். ஜெர்ரிக்கு மறுபடி தூக்கமில்லை. மூச்சு வாங்க வீட்டைப் பெருக்குகிற வேலையாள் என்று மட்டும் அவரை வைத்திருந்தால் இந்த முடிவுக்கு இடமே இல்லை. அவருக்கென்று சிநேகிதிகள் உண்டு, சனிக்கிழமை உண்டு, பிடித்த பாட்டு உண்டு. டிவிப் பிரதியில் அவர் இருந்த இடத்தில் ஒல்லியான வெள்ளைக்கார இளம்பெண் ஒருத்தி கிளம்பிப் போகிறாள். அதை மட்டும் பார்த்தவருக்கு இதில் எதுவும் கிடைக்காது.

அதற்காக அசல் பிரதியைப் புனிதமாக்கவும் வேண்டாம். முதல் படத்திலேயே அவர் பூனையை மிரட்டும்போது 'அவுட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லைத் தப்பாக எழுத்துக்கூட்டுவார், நடுவில் 'யூ' வரவேண்டிய இடத்தில் 'டபிள்யூ'. கதைக்கு அது எந்த விதத்திலும் தேவையில்லை. இந்தப் பெண் எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று அரங்கைச் சிரிக்க வைக்கத்தான் அது அங்கே இருக்கிறது. 'மவுஸ் கிளீனிங்' என்ற 1948 படத்தின் முடிவில் வீடு முழுக்க நிலக்கரி கொட்டி, டாம் கரி பூசிய முகத்தோடு, கறுப்பின ஆண்களைக் கிண்டல் செய்கிற இழுவைப் பேச்சில் அவருக்குப் பதில் சொல்லும். அந்தப் படத்தையும் 'காசநோவா கேட்' படத்தையும் விட்டுவிட்டு 2013-இல் ஒரு டிஸ்க் தொகுப்பை வெளியிடப் பார்த்தார்கள், ரசிகர்கள் கொதித்ததில் அந்தத் தொகுப்பே நின்றுபோனது. இவ்வளவையும் பார்த்த பிறகு ஒருவர் இந்தப் படங்களை வெறுக்கலாம், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பார்த்துவிட்டு வெறுக்க வேண்டும் என்பதுதான்.

எனக்கு எரிச்சல் தீராமல் இருப்பதற்குக் காரணம் லிலியன் ராண்டால்ஃப். பன்னிரண்டு வருஷம் அந்தத் தொடரில் பேசிய ஒரே நிரந்தர மனிதக் குரல் கிட்டத்தட்ட அவருடையது. அவர் பெயர் திரையில் வரவில்லை. அப்புறம், இனவெறியை நீக்குகிறோம் என்று வந்தவர்கள் முதலில் நீக்கியது அவருடைய குரலை. துடைப்ப அடி அப்படியே இருக்கிறது, திட்டு அப்படியே இருக்கிறது, பூனையும் எலியும் அப்படியே இருக்கின்றன. போனது அந்தப் பெண் மட்டும்தான். நானும் என் நாற்பது நிமிடத்தில் அவர் பெயரைச் சொல்லாமல், அவர் இருந்ததே தெரியாமல், அந்த நீக்கலுக்கு இன்னொரு பூச்சு பூசியிருக்கிறேன்.

நம் மொழியில் இதற்கு ஒரு தனி விளைவு இருக்கிறது. இந்த முறை வந்த கட்டுரைகளில் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கால் பிரதியைப் பார்த்த மாணவர் "வீட்டுக்காரம்மா வருகிறார், டாமைத் திட்டுகிறார்" என்று எழுதியிருந்தார். அசல் பிரதியைப் பார்த்தவர் "வேலைக்காரி வருகிறாள், டாமைத் திட்டுகிறாள்" என்று எழுதியிருந்தார். பல படங்களில் அந்த வீட்டில் வேறு மனிதர் யாருமே தென்படுவதில்லை, அவர் பணிப்பெண்ணா வீட்டுக்குச் சொந்தக்காரரா என்று படம் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. கால் நிறம் மாறியதும் நம் வினைமுற்று மாறிவிடுகிறது. இரண்டு பேரையும் கூப்பிட்டு இரண்டு வாக்கியங்களையும் பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டாவது மாணவி நெடுநேரம் பேசவில்லை, பிறகு அவராகவே வந்து அழித்து எழுதினார்.

சரி, எப்படிப் பிரதியைக் கண்டுபிடிப்பது? முதலில் கால், அப்புறம் குரல். பழைய லிலியன் குரல் கொஞ்சம் கரகரத்து, பின்னணி இசையோடு ஒரே ஒலிப்பதிவில் கலந்திருக்கும். புதுக் குரல் அதன் மேல் ஒட்டியது போல் தெளிவாக மிதக்கும். அப்புறம் தொடக்க டைட்டிலைப் பாருங்கள். மறுவெளியீடுகளில் அசல் டைட்டிலைக் கழற்றிவிட்டு வேறு போடுவது அந்தக் காலத்தில் வழக்கம். பிறகு ஓடும் நேரத்தை வேறு பிரதியோடு ஒப்பிடுங்கள். அரை நிமிடம் குறைந்தால் எதையோ வெட்டியிருக்கிறார்கள், அந்த அரை நிமிடம்தான் பெரும்பாலும் உங்கள் கட்டுரைக்கே தேவையானது.

டாம் அண்ட் ஜெர்ரி மட்டும் என்று நினைக்காதீர்கள். டிஸ்னியின் 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' 1933-இல் வந்தபோது, ஓநாய் யூத வியாபாரி போல வேஷம் போட்டு, ஒட்டு மூக்கும் தாடியுமாக, யூதர்களின் மொழியான யிட்டிஷ் வாடையோடு பேசிக் கதவைத் தட்டும். 1948 மறுவெளியீட்டுக்காக அந்தக் காட்சியைத் திரும்ப வரைந்து, பிரஷ் விற்க வருகிற சாதாரண விற்பனையாளராக்கினார்கள். கருப்பு வெள்ளை வார்னர் படங்கள் பலவற்றை 1960-களின் கடைசியில் கொரியாவில் கையால் நகலெடுத்து வண்ணமடித்தார்கள், அதில் அசைவு போன இடங்கள் ஏராளம். "பெண் பாத்திரங்களுக்கு அனிமேஷனில் கவனமே செலுத்தவில்லை" என்று ஒரு மாணவர் எழுதியது இப்படி ஒரு நகலைப் பார்த்துத்தான். கவனம் செலுத்தாதது நகலெடுத்தவர்கள்.

## "அந்தக் காலம் அப்படி"

இந்த வாக்கியம் முப்பதில் பத்தொன்பது கட்டுரைகளில் இருந்தது. எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள், பழையவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்ற விருப்பமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பின மக்களும் இருந்தார்கள், அவர்களும் டிக்கெட் வாங்கினார்கள், அவர்களுக்கு வலித்தது, அதை வாய்திறந்து சொன்னார்கள்.

வால்டர் லான்ட்ஸ் தயாரித்த 'ஸ்க்ரப் மீ மாமா வித் எ பூகி பீட்' 1941-இல் வந்தது. ஊர் முழுக்கக் கறுப்பின மக்கள் தூங்கி வழிகிறார்கள், படகில் வந்து இறங்குகிற வெளிர் நிறப் பெண் ஒருத்தி பாட்டுப் பாடி அவர்களை எழுப்புகிறாள். 1948-இல் அது மறுவெளியீட்டில் ஓடியபோது கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி யுனிவர்சலுக்கு எதிர்ப்பு எழுதியது, அடுத்த வருடம் படத்தைத் திரும்பப் பெற்றார்கள். 'ஸ்னோ ஒயிட்' கதையைக் கறுப்பினப் பாத்திரங்களோடு கிண்டலாக எடுத்த, இயக்குநர் பாப் கிளாம்பெட்டின் 'கோல் பிளாக் அண்ட் டி செபன் டுவார்ஃப்ஸ்' 1943-இல் வந்த உடனேயே அதே அமைப்பு எதிர்த்தது. இவை எல்லாம் நடந்தது அந்தக் காலத்தில்தான். "காலம் அப்படி" என்று எழுதும்போது, அப்போதே எதிர்த்தவர்களைக் காலத்திலிருந்து நீக்கிவிடுகிறோம்.

'கோல் பிளாக்' படத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் எழுதுவது கஷ்டம். அதன் அசைவும் வேகமும் இன்றைக்கும் அனிமேட்டர்களை வாய்பிளக்க வைக்கும். கறுப்பின இசையை நேரில் கேட்கக் குழுவையே லாஸ் ஏஞ்சலஸின் கிளப் அலபாமுக்குக் கூட்டிப் போனவர் கிளாம்பெட். கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் விவியன் டான்ட்ரிஜ், கறுப்பின நடிகை. அந்தத் திறமையையும் மரியாதையையும் கொண்டு வரைந்து முடித்த முகங்கள், பகடையைப் பல்லாக வைத்த இளவரசனும் பெருத்த உதடுகளும். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. 1968-இல் வார்னர் படங்கள் பதினொன்றை டிவிக்குக் கொடுக்காமல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுத்தி வைத்தது, 'சென்சார்டு லெவன்' என்று அவற்றைச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு "பிரச்சினைக்குரியவை பதினொன்று" என்று எழுதாதீர்கள். வெடி வெடித்ததும் முகம் கருத்து உதடு பெருக்கிற நகைச்சுவை, பட்டியலில் இல்லாத எத்தனையோ படங்களில் இருக்கிறது.

## பெண் பாத்திரங்களை எண்ணிவிட்டு முடித்துக்கொள்வது

"இந்தப் படத்தில் எட்டுப் பாத்திரங்கள், பெண் ஒன்றே ஒன்று." இப்படி அட்டவணை போட்டு வந்தவர்கள் நான்கு பேர். எண்ணுவது தப்பில்லை. அதோடு நிறுத்தினால் திரைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்களைப் பார்க்கவே மாட்டீர்கள்.

ஏழு நிமிடப் படம், நொடிக்கு 24 ஃபிரேம், பத்தாயிரத்துக்கு மேல் வரும். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும் ஐயாயிரம், ஒரே காட்சியில் இரண்டு மூன்று பாத்திரம் தனித்தனித் தாளில் இருந்தால் இன்னும் கூடும். அனிமேட்டர் பென்சிலில் வரைந்ததன் மேல் செல்லுலாய்டுத் தாளை வைத்து, மையைத் தொட்டு, அதே கோட்டை அதே தடிமனில் இழுக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கோடு வரும், நான் ஒரு பயிற்சிப் பட்டறையில் செய்து பார்த்தேன், பத்தாவது தாளில் மிக்கி காதின் வளைவு கோணிவிட்டது. பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் நிரப்ப வேண்டும். இதை நாள் முழுக்க, வருஷக்கணக்கில் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். திரையில் நாம் பார்ப்பது ஒவ்வொன்றும் அவர்கள் இழுத்த கோடு. அவர்கள் பெயர் டைட்டிலில் கிடையாது.

1938-இல் வேலை கேட்டு எழுதிய ஒரு இளம்பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனம் அனுப்பிய பதில் கடிதம் இன்று பலரும் பார்த்த ஆவணம். படத் தயாரிப்பின் கற்பனை வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது இளைஞர்களுக்கு உரியது, பெண்களுக்கு இருப்பது மையிழுப்பதும் வண்ணம் நிரப்புவதும் மட்டுமே என்று அதில் சாரமாக எழுதியிருக்கிறது. இந்தக் கடிதத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், காட்டிவிட்டு "ஆகவே பெண் அனிமேட்டர்களே இல்லை" என்று முடிப்பார்கள். நானும் முடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்துக்கு முன்பே ஃபிளைஷர் ஸ்டுடியோவில் லிலியன் ஃப்ரீட்மன் அனிமேட்டராக உட்கார்ந்து பெட்டி பூப்பையும் பொப்பாயையும் அசைத்துக்கொண்டிருந்தார். வால்டர் லான்ட்ஸிடம் லாவெர்ன் ஹார்டிங் இருந்தார், உட்டி உட்பெக்கரின் 1950-க்குப் பிறகான தோற்றம் அவர் கையிலிருந்து வந்தது. டிஸ்னியிலேயே கதைத் துறையில் 1935 முதல் பியாங்கா மஜோலி இருந்தார். கடிதம் பொய்யில்லை, கதவு சாத்தித்தான் இருந்தது. சாத்திய கதவுக்குள் போனவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

இங்கேயும் பிரதிப் பிரச்சினை வந்து நிற்கும். வார்னர் 'ப்ளூ ரிப்பன்' என்று மறுவெளியீடு செய்த படங்களில் அசல் டைட்டிலை வெட்டியதால், வரைந்தவர் இயக்கியவர் பெயர்களே போயின. டைட்டிலில் பெயர் இல்லை என்பதை வைத்து ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

## பாவாடை நீளத்தை முன்னேற்றமாக எடுத்துக்கொள்வது

பெட்டி பூப் 1930-இல் நாய்க் காதுகளோடு வந்து, 1932 வாக்கில் காதுகள் கம்மலாகி முழுப் பெண்ணானாள். குட்டைப் பாவாடை, தொடைப் பட்டி. 1934 ஜூலையில் ஹாலிவுட் தணிக்கை விதிகள் கண்டிப்பாக அமலானதும் பாவாடை இறங்கியது, தொடைப் பட்டி காணாமல் போனது. "முதலில் கவர்ச்சிப் பொம்மை, பிறகு கண்ணியமான பெண்" என்று இதை எழுதுகிறார்கள்.

1932-இல் வந்த 'பூப்-ஊப்-அ-டூப்' படத்தைப் போட்டுப் பாருங்கள். பெட்டி சர்க்கஸில் வேலை செய்கிறாள், கம்பி மேல் நடக்கிறாள், சிங்கத்தை அடக்குகிறாள். ஆட்டம் முடிந்து கூடாரத்தில் இருக்கும்போது சர்க்கஸ் முதலாளி உள்ளே வந்து தொடையைத் தடவுகிறான், இணங்காவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டுகிறான். அவள் வேண்டாம் என்று பாடுகிறாள், அடிக்கிறாள். கடைசியில் கோமாளி கோக்கோ வந்து காப்பாற்றுகிறான் என்பது உண்மைதான், அதைக் குறையாக எழுதலாம். ஆனால் வேலையிடத்தில் முதலாளி கை வைப்பதை 1932-இல் ஒரு கார்ட்டூன் நேருக்கு நேர் காட்டியிருக்கிறது. அதே வருடம் அவள் ஜனாதிபதித் தேர்தலுக்கும் நிற்கிறாள். ஐந்து வருடம் கழித்து, 1937-இல் வந்த 'ஹவுஸ் கிளீனிங் ப்ளூஸ்' படத்தில், பிறந்தநாள் விருந்து முடிந்த வீட்டைப் பார்த்து அழுதுகொண்டு பெருக்குகிறாள், கிழவர் கிராம்ப்பி வந்து இயந்திரம் கட்டிக் கொடுக்கிறார். பாவாடை நீண்டபோது அவளுடைய உலகம் வீட்டளவுக்குச் சுருங்கியது. துணியை அளக்காதீர்கள், அவள் அந்தப் படத்தில் என்ன வேலை செய்கிறாள் என்று பாருங்கள்.

பெட்டியைப் பற்றி இன்னொரு தவறும் இப்போது தொற்றாகப் பரவுகிறது. "பெட்டி பூப்பின் அசல் பேபி எஸ்தர் என்ற கறுப்பினப் பாடகி" என்று ஒரு புகைப்படத்தோடு எழுதுகிறார்கள். அந்தப் புகைப்படம் அவருடையதே இல்லை, பின்னாளைய மாடல் ஒருவருடையது. பெட்டி உருவானது ஹெலன் கேன் என்ற வெள்ளைப் பாடகியின் கேலிச்சித்திரமாக. அவர் தன் பாணியைத் திருடிவிட்டார்கள் என்று 1932-இல் வழக்குப் போட்டார். அந்தப் பாணியில் அவருக்கு முன்பே பேபி எஸ்தர் மேடையில் பாடினார் என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது, 1934-இல் ஹெலன் கேன் தோற்றார். ஒரு கறுப்பினப் பெண்ணின் பாட்டு சாட்சியமாகப் பயன்பட்டது, பலன் ஸ்டுடியோவுக்குப் போனது. இந்த உண்மையே போதுமான அளவு கனமானது, இதற்கு மேல் போலிப் புகைப்படம் எதற்கு?

## பக்ஸ் பன்னி சேலை கட்டினால்

பக்ஸ் பன்னி என்ற முயல் பெண் வேஷம் போட்டதும் இன்றைய பாலினச் சொற்களை எடுத்து ஒட்டாதீர்கள். அந்த வேஷத்தில் யார் முட்டாளாகிறார் என்று மட்டும் முதலில் பாருங்கள்: பெரும்பாலும் அவனைத் துரத்துகிற வேட்டைக்காரன் எல்மர்தான்.

## மனம் புண்பட்டது யாருக்கு என்று கேட்காமல் முடிவு செய்வது

ஸ்பீடி கொன்சாலஸ் என்ற மெக்சிகோ எலியை 1999-இல் அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க் ஒளிபரப்பிலிருந்து எடுத்தது. 2002-இல் திரும்பக் கொண்டுவந்தது. கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி ரசிகர்களும் அமைப்புகளும் முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு அவன் பூனையை முட்டாளாக்கும் கெட்டிக்காரன், தங்களவன். இதைச் சொன்னால் "அப்படியானால் பிரச்சினையே இல்லை" என்று அடுத்த கட்டுரை வரும். ஸ்பீடியைச் சுற்றியிருக்கிற மற்ற எலிகளைப் பாருங்கள், தூங்குகின்றன, குடிக்கின்றன, அவன் ஒருவன்தான் வேகம். நாயகனை அவர்கள் சொந்தம் கொண்டாடுவதும் கூட்டத்தை வரைந்த விதம் இழிவாக இருப்பதும் ஒரே படத்தில்தான் இருக்கின்றன.

## கடைசி நிமிடத்தைப் பார்க்காமல் எழுதுவது

துண்டு வீடியோக்களால் வந்த வினை இது. பெப்பே லெ பியூ என்ற ஸ்கங்க் (நாற்றத்தைப் பீய்ச்சுகிற ஒரு விலங்கு) பெண் பூனையைத் துரத்துகிற காட்சியை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். துரத்தல் அருவருப்பானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் முதல் படமான 1945-இன் 'ஓடரபிள் கிட்டி'யில் அது துரத்துவது ஸ்கங்க் வேஷம் போட்ட ஆண் பூனையை. கடைசியில் பெப்பேயின் மனைவியும் பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். ஆஸ்கர் வாங்கிய 1949-இன் 'ஃபார் சென்ட்-இமென்டல் ரீசன்ஸ்' முடியும்போது பூனைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும், பெப்பே நீலச் சாயத்தில் விழுந்திருக்கும், இப்போது துரத்துவது பூனை, ஓடுவது பெப்பே. இந்தத் திருப்பம் அதை நியாயப்படுத்துகிறதா, இல்லை "அவளுக்கும் ஆசைதான்" என்று இன்னும் மோசமாக்குகிறதா? எனக்குப் பின்னதுதான் என்று படுகிறது. நீங்கள் வேறு மாதிரி வாதாடலாம், முடிவைப் பார்த்திருந்தால்.

இயக்குநர் டெக்ஸ் ஏவரியின் 'ஸ்விங் ஷிஃப்ட் சின்ட்ரெல்லா'வையும் இப்படித்தான் பாதியில் விடுகிறார்கள். 1945, போர்க்காலம். மேடையில் சின்ட்ரெல்லா பாடி ஆடுகிறாள், ஓநாய் கண் பிதுங்கி மேஜையை உடைக்கிறது. கட்டுரைகள் அந்த இடத்திலேயே நின்று ஆணின் பார்வையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போகின்றன. மேடையிலிருந்து அவள் ஓடுவது எங்கே? மணி பன்னிரண்டு, ராத்திரி ஷிஃப்ட். பூசணிக்காயும் கண்ணாடிச் செருப்பும் போய், தொழிற்சாலை உடுப்பில் பஸ் ஏறி, வேலைக்குப் போகிறாள். அப்பாடா, ஓநாயிடமிருந்து தப்பித்தோம் என்று உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறாள். பஸ் நிறைய ஓநாய்கள்.